மூன்றாவது மரகதம்

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிந்தால் உள்ளே யாரோ பேசுகிறார்கள், அணைந்தால் ஓய்ந்திருக்கிறார்கள், இருபத்திரண்டு வருஷமாக இந்திராணிக்குப் பழகிய விளக்குதான், ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை அண்ணாந்து பார்ப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே காத்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று நினைத்தாள், நினைத்த உடனே, காலங்கார்த்தாலே இதென்ன நினைப்பு என்று நாக்கைக் கடித்துக்கொண்டாள். சாலிகிராமத்து டப்பிங் தியேட்டரின் அந்த சோபாவுக்கு ஒரு கால் ஆட்டம், அசைந்தால் கிறீச்சிடும், அதனால் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் சத்தம் உள்ளே போகப்போவதில்லை, உள்ளே இருக்கிற சத்தமும் வெளியே வராது, நாலு விரற்கடை கனத்துக்குப் பஞ்சு அடைத்த கதவு, அது தெரிந்தும் காதைத் தீட்டிக்கொண்டுதான் இருந்தாள். உள்ளே மரகதம் பேசிக்கொண்டிருக்கிறாள். ‘ஏழாம் நம்பர் வீடு’ தொடரின் அம்மா மரகதம், நாலு பிள்ளை பெற்றவள், சாயங்காலம் ஏழரை மணிக்கு ஊரில் பாதி வீட்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்கு வந்து விழுகிற குரல். எட்டு வருஷமாக அந்தக் குரல் இந்திராணியுடையது. வேஷத்துக்குப் புதிதாக வந்திருக்கிற ஹேமலேகா, என் முகத்துக்கு என் குரலே இருக்கட்டுமே என்று கேட்டிருக்கிறாள், கேட்டது நியாயம்தான், உள்ளே நின்று பேசிப் பார்க்கிறாள். சரியாக வந்துவிட்டால் இந்திராணி எழுந்து வீட்டுக்குப் போகலாம், இன்றைக்கு மட்டுமில்லை, மரகதத்தை விட்டே போகலாம். “சும்மா வந்து இருங்கம்மா, ஒருவேளை தேவைப்பட்டா கூப்புடுறோம்” என்று மேனேஜர் நேற்று ராத்திரி போனில் சொன்னார். ஒருவேளை. ராத்திரி எத்தனையோ வார்த்தை காதில் விழுந்தது, இந்த ஒரு வார்த்தைதான் செருப்புக்குள் போன கல் மாதிரி அவளுடனே பஸ் ஏறி வந்திருந்தது.

முகம் மாறுவது ஒன்றும் புதிதில்லை. முதல் மரகதம் நல்ல கனத்த உடம்பு, மாநிறம், சிரித்தால் கன்னம் கண்ணை மூடும். மகன் வீட்டோடு இருக்கப்போகிறேன் என்று ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். இரண்டாம் மரகதம் ஒல்லி, எலுமிச்சை நிறம், முதலாமவளின் ரவிக்கையில் இரண்டு பேர் போகலாம். தையல்காரர் ஒரே நாளில் பதினெட்டு ரவிக்கை பிடித்துக் கொடுத்தார். ஒரே அம்மா ஒரு வெள்ளிக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் நடுவில் அப்படி இளைத்துப் போனதை ஜனம் எப்படி ஏற்றுக்கொண்டது என்று யாராவது இந்திராணியைக் கேட்டால் சொல்லுவாள், யாரும் கேட்டதில்லை. மற்ற தொடர்களில் செய்கிற மாதிரிதான் கீழே எழுத்துப் போட்டார்கள், இவருக்குப் பதில் இனி இவர் என்று. எழுத்தை யார் படித்தார்கள்? அடுப்பைப் பார்த்துக் குனிந்து நிற்கிறாள் மரகதம், முதுகு மட்டும்தான் தெரிகிறது, கடைக்குட்டி பின்னாலிருந்து, அம்மா பசிக்குது என்கிறான், முதுகு பேசுகிறது, “பசிக்குதுன்னா தட்டை எடுத்து வைக்கத் தெரியாதா, வந்துட்டாரு கலெக்டர்” என்று. அதன் பிறகுதான் திரும்பினாள். குரல் முதலில் போய் ஒவ்வொரு வீட்டிலும் பாய் விரித்து வைத்தது, முகம் பின்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த ஒரு வரியை இந்திராணி எட்டு தடவை பேசினாள். எட்டாவதில் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சவுண்ட் இன்ஜினியர் டென்னிசன் கட்டை விரலை உயர்த்தினார், அவருக்குக் கண் கலங்கியிருந்தது, தூசி என்றார். அப்பா வேஷத்துக்கு அப்படி ஒரு குரல் அமையவில்லை. முதல் அப்பா ஒரு குரல், இரண்டாம் அப்பா இன்னொரு குரல், இரண்டுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது, கடைசியில் மாரடைப்பில் சாகடித்து மாலை போட்டு மாட்டிவிட்டார்கள். சுவரில் இருக்கிற படம் இரண்டாமவர், மரகதம் நினைத்துப் பார்க்கிறபோது வருகிறவர் முதலாமவர். அம்மாவை மட்டும் யாராலும் சாகடிக்க முடியவில்லை. நான் இருந்தேன், சாகவிடவில்லை, என்று நினைத்தபோது முதுகு தானாக நிமிர்ந்து சோபா கிறீச்சென்றது, உடனே, பெரிய இவ, என்று தன்னையே அதட்டிக்கொண்டு குறுகினாள். அப்படி இருந்தவளை எதற்கு வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள்?

மாமியார் வேஷத்துக்குக் குரல் கொடுக்கிற பரிமளா பிளாஸ்க்கும் கையுமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையில் பரிமளாவின் குரல் எட்டு வருஷமாக மரகதத்தை வீட்டை விட்டு விரட்டப் பார்க்கிறது, வெளியே இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறவர்கள், ஆனாலும் பரிமளாவுக்கு வேஷத்தின் வாடை கொஞ்சம் ஒட்டிக்கொண்டுவிட்டது. “என்னக்கா, உன் புது மரகதம் இன்னும் உள்ளதான் இருக்காளா” என்றாள். ஒம்பதரைக்குப் போனாங்க, என்றாள் இந்திராணி. “ஒம்பதரையா? மணி பத்தே முக்கால். என்னா பேசுறா, மகாபாரதமா? மொத்தம் ரெண்டு பக்கம்.” பரிமளா மூடியில் வெந்நீர் ஊற்றி நீட்டினாள். “அந்தக் கூத்தைக் கேட்டியா? மூத்தவன் மூணு வருஷம் கழிச்சு சிங்கப்பூர்லேருந்து வர்றான். வாசல்ல நிக்கிறான். புது அம்மா கதவைத் தொறக்குறா. அவன் சொல்றான், அம்மா நீ கொஞ்சம்கூட மாறவே இல்லம்மான்னு. எழுதினவனுக்குக் கொழுப்பைப் பாத்தியா.” இந்திராணிக்குச் சிரிப்பு வந்தது, தொண்டைக்கு ஆகாது என்று அடக்கினாள். “அவனுக்கும் அவளுக்கும் மூணு வயசுதான் வித்தியாசமாம். மூணு வயசுல பெத்துருக்கா, மகராசி” என்று பரிமளா அதையும் கெடுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “நெசமாவே உன்னைத் தூக்கிருவாங்களாக்கா? எனக்கு எதிர்ல புதுசா ஒருத்தி வந்து நின்னா நான் எப்படித் திட்டுவேன், உன்னைத் திட்டித் திட்டித்தானே எனக்கு வாய் பழகியிருக்கு” என்றாள். அது ஆறுதலா வயிற்றெரிச்சலா என்று இந்திராணியால் பிரிக்க முடியவில்லை. தூக்கிவிடுவார்களா. வெந்நீர் சூடாக இறங்கியது. பரிமளாவை அடுத்த தியேட்டரிலிருந்து கூப்பிட்டார்கள், போகிறபோது இந்திராணியின் தோளை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள், அந்த அழுத்தல்தான் அதிகமாகப் பயமுறுத்தியது, சாவு வீட்டில் அப்படித்தான் அழுத்துவார்கள்.

பயம் வந்தால் அவளுக்குப் பேப்பர் ஞாபகம்தான் வரும். டயலாக் பேப்பர். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும், வரி வேகமாக ஓடினால் கண் தடுக்கி விழும். மற்றவர்கள் பேப்பரை ஒரு கண்ணாலும் திரையில் அசைகிற உதட்டை ஒரு கண்ணாலும் பார்த்துப் பேசுவார்கள், இவளுக்கு அது வராது, ஷூட்டிங்கில் நடிகை பேசியதை ஒரு தடவை ஹெட்போனில் போடச் சொல்லுவாள், கேட்டதும் காதில் ஒட்டிக்கொள்ளும், பிறகு இரண்டு கண்ணும் உதட்டுக்குத்தான். பேப்பர் பார்க்காமல் பேசுகிறாளே என்று எல்லாரும் மெச்சினார்கள், அவள் வாயைத் திறக்கவில்லை. இந்த ஹேமலேகா காலேஜ் படித்தவளாம், பேப்பரை ஒரு புரட்டுப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசைமேல் வைத்தாள், அதைக் காலையில் பார்த்தாள் இந்திராணி. பள்ளிக்கூடம் நின்றது அம்மா செத்த மறு வருஷம். அப்பா வருஷம் திரும்பும் முன்பே சித்தியைக் கூட்டி வந்தார், மறு வருஷம் தம்பி பிறந்தான், தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது, நின்றது அப்பா சொல்லித்தான், ஆனால் பழி சித்தி மேல்தான் விழுந்தது, அவளும் துடைத்துக்கொள்ளாமல் சுமந்தாள். அம்மா என்று ஒரு நாளும் இந்திராணி அவளைக் கூப்பிடவில்லை. பன்னிரண்டு வயதில் எடுத்த சத்தியம், பிடிவாதம், சித்தி என்று கூட நாலு பேர் முன்னால்தான், வீட்டுக்குள் ‘இந்தா’ என்பாள், ‘இங்க பாரு’ என்பாள். வீட்டில் யாரும் எழுத்துப் போட்டுச் சொல்லவில்லை, இவருக்குப் பதில் இனி இவர் என்று, ஒருநாள் திரும்பிப் பார்த்தால் அடுப்படியில் வேறு முதுகு, அவ்வளவுதான். அந்த முதுகும் திட்டும். திட்டுவதற்கு முன்னால் சின்னதாக ஒரு மூச்சை உள்ளே இழுத்து, சொல்ல வந்ததை ஒரு வாய் விழுங்கிவிட்டு, பிறகு பேசும், பேசி முடிக்கிறபோது குரல் இறங்கித் தரையைத் தொடும், “எங்கயாவது தொலைஞ்சு போ… சாப்ட்டியா” என்று. எட்டு வருஷத்துக்கு முன் இதே தியேட்டரில் டைரக்டர் கேட்டார், மரகதம்னா எப்படிப் பேசுவாங்க, ஒண்ணு பேசிக் காட்டுங்கம்மா என்று. பெற்றவளின் குரலைத் தேடினாள், எவ்வளவு தேடியும் அது கிடைக்கவில்லை, வாயைத் திறந்தால் சித்தி வந்தாள். அந்த இழுத்த மூச்சும், அந்த விழுங்கலும், தரையைத் தொடுகிற கடைசிச் சொல்லும். ஊரே அம்மா அம்மா என்று உருகியது அந்த மனுஷிக்குத்தான், இதை அவள் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, சித்தியிடமும் சொல்லவில்லை, சித்தி கண்ணை மூடுகிற வரைக்கும் ஏழரை மணிக்கு டிவி முன்னால் உட்கார்ந்து, நல்லா பேசுறா நம்ம இந்திராணி, என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். தெரிந்திருக்குமா? தெரியாமலா இருந்திருக்கும். தன் குரல் தனக்குத் தெரியாதாமே, டென்னிசன் சொல்லுவார், டேப்பில் கேட்டால் வேறு ஆள் மாதிரி இருக்குமாம். அப்படியானால் தெரிந்திருக்காது. அய்யோ, தெரிந்திருக்கக் கூடாதா.

விளக்கு அணைந்தது. இந்திராணி எழுந்தாள். மறுபடி எரிந்தது, உட்கார்ந்தாள். கல்யாணமாகித் திருப்பூரில் இருக்கிற மகள் சங்கவி ஒருநாள் போனில் சொன்னாள், “டிவில அந்தப் பிள்ளைங்ககிட்ட எவ்வளவு பொறுமையா பேசுற, என்கிட்ட ஒரு நாளாவது அப்படிப் பேசிருக்கியாம்மா நீ?” சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அது நடிப்புடி, என்றாள் இந்திராணி. நடிப்பு என்றால் அந்தப் பக்கம் யார், இந்தப் பக்கம் யார்? தொண்டையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வீட்டில் அவள் பேசுவதே குறைவு, தயிர் கிடையாது, ஐஸ் கிடையாது, மார்கழியில் மப்ளர், எல்லாம் மரகதத்துக்கு. பத்து மாதம் சுமந்த மகளுக்குச் செருமல் மிச்சம், நாலு முகம் தெரியாத பிள்ளைகளுக்குத் தேன் குரல். அந்த நாலு பேரையும் அவள் நேரில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, அவரவர் வந்து அவரவர் பங்கைத் தனியாகப் பேசிவிட்டுப் போவார்கள், ஹெட்போனில் மட்டும்தான் அம்மா என்று கூப்பிடுவார்கள். இன்றோடு அதுவும் போனால் என்ன பண்ணுவாள். வேறு வேலையா இல்லை, குழாயடிச் சண்டை, சாவு வீட்டு அழுகை, கல்யாணக் கூட்டத்தில் கலகலப்பு, இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கே தொடங்கினாளோ அங்கே போய்க் கூட்டத்தோடு நின்றுகொள்ளலாம். ஆனால் மரகதம் வேறு வாயிலிருந்து பேசுவதை ஏழரை மணிக்கு உட்கார்ந்து கேட்க வேண்டும். சங்கவி கேட்பாள், என்னம்மா குரல் வேற மாதிரி இருக்கு என்று. கேட்பாளா? கேட்காமல் இருந்துவிட்டால்? யாருமே கவனிக்காமல் இருந்துவிட்டால்? திங்கட்கிழமை ஒரு வீட்டிலும் ஒருவரும் தலையைத் தூக்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே இருந்தால்? ரவிக்கை மாதிரி, பிடித்துத் தைத்தால் பொருந்திப் போகிற சமாச்சாரம்தான் அவள் குரலும் என்று ஆகிவிட்டால்? செரும வந்தது, செருமக்கூடாது, எச்சிலை விழுங்கினாள், அந்தச் சமயத்தில்தான் விளக்கு அணைந்து கதவு திறந்து டென்னிசன் தலையை நீட்டினார். “இந்திராம்மா, கொஞ்சம் உள்ள வாங்க.” அவர் முகம் தொங்கியிருந்தது. நல்லபடியாகச் சொல்லி அனுப்பப் போகிறார் என்று முடிவு பண்ணிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள், அழக்கூடாது, வாழ்த்திவிட்டு வந்துவிட வேண்டும்.

உள்ளே மைக்குக்கு முன்னால் ஹேமலேகா நின்றிருந்தாள். ஹெட்போன் கழுத்தில் கிடந்தது, மூக்கு சிவந்திருந்தது. திரையில் அவளே வாசற்கதவைப் பிடித்தபடி வாயைப் பாதி திறந்து உறைந்து நின்றாள். “வாங்கக்கா” என்றாள். “நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்.” சொல்லுங்க மேடம், என்றாள் இந்திராணி, மேடம் என்பது வறட்டு நாக்கில் ஒட்டிக்கொண்டு வந்தது. “இந்த வேஷம் கிடைச்சதும் பழைய எபிசோடெல்லாம் போட்டேன். முகத்தைப் பாத்தா அவங்கள மாதிரியே பண்ணிடுவேனோன்னு பயம். காப்பின்னு பேர் வந்துடக் கூடாதுல்ல. அதனால போனைக் கவுத்து வச்சுட்டுக் காதால மட்டும் கேட்டேன். ஒரு மாசம், சமைக்கும்போது, தூங்கும்போது, அதேதான். செட்டுல போய் நின்னா எனக்குள்ள அந்தக் குரல்தான் ஓடுது. அது எங்க நிக்குமோ அங்க நிக்கிறேன். எங்க மூச்சு இழுக்குமோ அங்க இழுக்கிறேன். எனக்கே தெரியாம.” டென்னிசன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் பட்டனை அழுத்தினார். “பாருங்கம்மா” என்று அவர் குரல் ஸ்பீக்கரில் வந்தது. திரையில் ஹேமலேகா மகனைப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூச்சை உள்ளே இழுத்தாள், ஒரு வாய் விழுங்கினாள், பிறகு பேசினாள். கூடவே இப்போது பதிவு செய்த அவளது சொந்தக் குரல், நல்ல குரல், படித்த குரல், அந்த இழுப்பிலும் விழுங்கலிலும் ஒன்றுமில்லாமல் வெறும் காற்றாக நின்று, சொல் வந்த இடத்தில் அவசரமாக ஓடி வந்து உதட்டைப் பிடித்தது. “பதினோரு தடவை எடுத்தாச்சு, ஒண்ணுகூட உக்காரல” என்றார் டென்னிசன். “என் வாய்க்கு என் பேச்சே சேர மாட்டேங்குதுக்கா” என்றாள் ஹேமலேகா, சிரிக்கப் பார்த்தாள். “இவ்வளவு நேரம் உங்களை வெளிய உக்கார வச்சதுக்குத் தப்பா நெனைக்காதீங்க. எனக்குச் சொந்தமா பேசணும்னு ரொம்ப நாள் ஆசை.” ஆசைப்பட்டதுல என்ன தப்பும்மா, என்று சொல்லிவிட்டுத்தான் இந்திராணி கவனித்தாள், மேடம் போய் அம்மா வந்திருந்தது, குரல் தரையைத் தொட்டிருந்தது, ஹேமலேகா சட்டென்று தலையைத் தூக்கிப் பார்த்தாள், ஒரு மாதமாகக் கவிழ்த்து வைத்த போனிலிருந்து வந்த குரல் எதிரே பருத்திப் புடவை கட்டிக்கொண்டு நிற்பதை.

ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். காதுக்கு அது எட்டு வருஷத்துப் பழைய தோடு மாதிரி. ஹேமலேகா வெளியே போகவில்லை, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டென்னிசனின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டாள். ஷூட்டிங்கில் பேசியதை ஒரு தடவை கேட்டாள் இந்திராணி, அதற்கு மேல் தேவையிருக்கவில்லை, அவள் பேச வேண்டியதை அவளுக்கு முன்னாலேயே ஒருத்தி பேசி வைத்திருந்தாள், இப்படி ஒரு அதிசயம் உண்டா, எட்டு வருஷமாக யார் யாருடைய உதட்டுக்கோ பின்னால் ஓடி ஓடிச் சேர்ந்தவள் அவள், கனத்த உதடு, ஒல்லி உதடு, சாயம் அப்பிய உதடு, இன்றைக்கு ஒரு உதடு அவளுக்காக அசைந்திருக்கிறது, அவள் எங்கே மூச்சு வாங்குவாள் என்று தெரிந்துகொண்டு அங்கே காத்துக்கொண்டு நிற்கிறது. காலுக்குக் கீழே தரை கெட்டியாக இருந்தது. கூட்டத்தில் ஒரு வாயாக நின்று கத்தியவள், எழுத்துக் கூட்டிப் படிப்பவள், பஸ்ஸில் யாரும் இடம் கொடுக்காதவள், அவளைப் பார்த்து ஒருத்தி அம்மாவாக இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள், பார்த்துக்கூட இல்லை, கேட்டு. மகன் திரையில் வந்து நின்றான். ஹெட்போனில், அம்மா நீ கொஞ்சம்கூட மாறவே இல்லம்மா, என்றான். மூச்சை இழுத்தாள், விழுங்கினாள். “வந்துட்டியா. என்னமோ நேத்து கடைக்குப் போனவன் மாதிரி நிக்கிற. கை கால் கழுவிட்டு வா, எல்லாச் சண்டையும் சாப்ட்டு வச்சுக்கலாம்.” கடைசியில் குரல் உடைந்து அழுகையில் போய் நின்றது. ஒரு மயிரிழை முன்னே பின்னே இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஹேமலேகா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். டென்னிசன், “ஓகேம்மா. ஒரே டேக். அடுத்ததுக்குப் போயிடலாம்” என்றார். “இருங்க” என்றாள் இந்திராணி. இருபத்திரண்டு வருஷத்தில் ஓகே சொன்ன பிறகு அவள் இருங்க என்று சொன்னதில்லை. “கடைசிய மட்டும் திருப்பிப் போடுங்க.” போட்டார். மூத்தவன் வாசற்படி ஏறுகிறான், ஹேமலேகா அவனைப் பார்க்கிறாள், கண் நிறைகிறது, அப்போது அவள் வாயின் வலது ஓரம் மட்டும் மெல்ல உள்ளே இழுபடுகிறது. முதல் மரகதத்துக்கு அது கிடையாது, இரண்டாமவளுக்கும் கிடையாது, இந்திராணி வாழ்ந்து பார்த்த எந்த அம்மாவிடமும் இருந்ததில்லை, இந்தப் பெண் தன் வீட்டிலிருந்து கொண்டுவந்தது. “அந்த இடத்துல இவ சிரிப்பை அடக்குறா. நான் பாட்டுக்கு அழுதுட்டேன். தப்பு.” ஹேமலேகா மைக் பட்டனுக்குக் குனிந்து, “நல்லாத்தான்க்கா இருந்துச்சு, விட்டுடலாம்” என்றாள். “நல்லாத்தான் இருக்கும். அது போன மரகதம். நீ வேற ஆளு” என்றாள் இந்திராணி, காலைச் சற்று அகட்டி வைத்துக்கொண்டாள். “டென்னிசன், இன்னொரு தடவை போடுங்க.” திரையில் கதவு திறந்தது. இந்திராணி வாயின் வலது ஓரத்தை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு, பொங்கி வந்த சிரிப்பை அடக்கியபடி, திரையிலிருந்த ஹேமலேகாவுக்கு முன்னாலேயே மூச்சை இழுத்தாள்.